சுரைக்குடுவைக்குள் ஒரு தொலைபேசி

ஜொன்சபாவின் கூட்டம் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அந்த வீட்டில் மூடி போட்ட பாத்திரம் ஒன்றும் தப்பாது. கேட்டும் வாங்குவார்கள், கேட்காமலும் எடுப்பார்கள். தடுக்கக் கூடாது. அவர்கள் கன்யெலெங் பெண்கள். பிள்ளை தங்காதவர்களும் பெற்றதைப் பறிகொடுத்தவர்களும் சேர்ந்த கூட்டம் அது. இவர்களிடமிருந்து எடுக்க வேண்டியதை எல்லாம் ஆண்டவன் எடுத்துவிட்டான், இனி வெட்கத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று ஊர் அவர்களை அவிழ்த்து விட்டிருந்தது. புருஷனின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடி இல்லாத கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, இடுப்பில் சுரைக்குடுவை ஆட, மஞ்சள் பிளாஸ்டிக் கேனைத் தட்டிக்கொண்டு வருவார்கள். மற்றவர்கள் காதோடு காதாகக்கூடச் சொல்லாத சொற்கள் அவர்கள் வாயில் பாட்டாக வரும். இமாமே எதிரில் வந்தாலும் தாடியைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாரே தவிர ஒன்றும் சொல்ல மாட்டார்.

மன்யிமாவுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. அவள் மாரேகுந்தாவில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவரின் மகள். சிரித்தால் பல் தெரியக் கூடாது, நடந்தால் செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது என்று வளர்ந்தவள். தெருமுனையில் கேன் சத்தம் கேட்டதும் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கதவுக்கு வெளியே நின்று ஜொன்சபா கத்துவாள்.

"உஸ்தாது மகளே! உள்ள என்ன பண்றே? சிரிப்பைப் பெட்டியில வச்சுப் பூட்றியா? பாத்து, கரையான் அரிச்சிடப் போவுது!"

தெருவே சிரிக்கும். மன்யிமாவுக்கு உடம்பெல்லாம் கூசும்.

அப்படிப்பட்டவளின் காதில் போய் அந்தப் பாட்டு ஒட்டிக்கொண்டதுதான் வேடிக்கை. அவள் மாசமாக இருந்தபோது வாரச் சந்தைக்குப் போயிருந்தாள். அதற்குச் சில மாதங்களுக்கு முன் நகரத்துப் பெண்கள் மையத்திலிருந்து படித்த பிள்ளைகள் சிலர் வந்து, பெண் பிள்ளைகளின் பிறப்புறுப்பை அறுக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு படத்தை விரித்துக் காட்டினார்கள். ஆண்களும் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் அந்தப் படத்தை விரித்தால் யார் இருப்பார்கள்? பெண்கள் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். விட்டுச் சென்ற துண்டுத் தாள்களில் வறுத்த கடலை மடிக்கப்பட்டது. அடுத்த முறை அந்த மையத்துக்குப் புத்தி வந்தது. படித்த பிள்ளைகளை அனுப்பவில்லை. வேலையை ஜொன்சபாவிடம் கொடுத்துவிட்டது.

சந்தை நடுவில், வெங்காயக் குவியலுக்கும் உலர்ந்த மீனுக்கும் இடையில் நின்று, ஜொன்சபா ஒரு தொலைபேசி எண்ணைப் பாடினாள். அவள் கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் யாரும் இல்லை. அதனால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு வேடிக்கை வைத்திருந்தார்கள். "மூணு, அடுப்புக்கு வச்ச கல்லு!" என்று பாடினாள். "ரெண்டு, என் மாருல தொங்குறது!" என்று குலுக்கிக் காட்டினாள். "முட்டை! முட்டை! என் புருசன் வீட்டுக்குக் கொண்டாந்தது!" என்றதும் மீன்காரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிறகு கைவிரல், பிறகு ஐவேளைத் தொழுகை என்று பாட்டு போனது. கடைசியில், "பொம்பளப் புள்ளையத் தேடிக் கத்தி வந்தா, இதை அமுக்கு! காசில்லாத போன்லயும் போவும்! கேக்குறவ யாருன்னு எங்களுக்கு வேணாம்!" என்று முடித்தாள்.

மன்யிமா முகத்தை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் மறுநாள் உரலில் தினை குத்தும்போது, உலக்கை விழும் தாளத்தில் உதடு தானாக முணுமுணுத்தது. மூணு அடுப்புக்கல்லு. ரெண்டு தொங்குறது. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

அவளுக்கு ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். சீபோ. நடக்கத் தொடங்கிய வயதில் போய்விட்டாள். ஊருக்கும் புருஷன் ஃபாமராவுக்கும் தெரிந்த கதை, காய்ச்சல். அப்போது ஃபாமரா ஆற்றின் கீழ்ப்பக்கம் பரிசல் துறையில் வேலைக்குப் போயிருந்தான். அவனுடைய அக்கா தும்புலு வந்து, "பிள்ளையைக் குளிப்பாட்டிட்டு வர்றேன்" என்று தூக்கிக்கொண்டு போனாள். துணியில் சுற்றித் திரும்பக் கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு நடந்ததை மன்யிமா யாரிடமும் சொன்னதில்லை. பெண்கள் விஷயம், ஆண்கள் காதுக்குப் போகக் கூடாது என்று தும்புலு சத்தியம் வாங்கியிருந்தாள். ஃபாமரா வந்து சின்ன மண்மேட்டைப் பார்த்து அழுதுவிட்டு, கொசுவலை வாங்கி வந்து கட்டினான். அந்த வலைக்குள் படுக்கும் ஒவ்வொரு நாளும் மன்யிமாவுக்கு மூச்சு முட்டியது.

தும்புலுவைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் இந்தக் கதை சொல்பவருக்குக் கோபம் வரும். தாய் இறந்தபின் ஃபாமராவை முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்தவள் அவள். மன்யிமாவின் பிரசவத்தின்போது கூடவே நின்று இடுப்பைத் தேய்த்துவிட்டவளும் அவள்தான். தனக்குச் செய்ததை, தன் தாய்க்குச் செய்ததை, தன் வீட்டுப் பெண்ணுக்குச் செய்யாமல் விட்டால் நாளை அவளை யார் கட்டுவார்கள், யார் அவள் கையால் சோறு வாங்கித் தின்பார்கள் என்ற பயம் அவளுக்கு உண்மையான பயம். அந்தப் பயத்தோடு அவளிடம் அன்பும் இருந்தது. அதுதான் பெரிய ஆபத்து.

இப்போது இரண்டாவதும் பெண். பெயர் வைக்கும் நாள் காலையில் இமாம் வந்தார். குழந்தையின் தலைமுடியைப் புது பிளேடால் மழித்தார்கள். ஆடு அறுத்தார்கள். இமாம் குழந்தையின் காதில் பெயரை ஓதி, பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: தும்புலு. அத்தையின் பெயர். விசேஷத்துக்குப் பங்கிடும் கோலாக் கொட்டைகள் கை மாறின. பெரிய தும்புலு சின்ன தும்புலுவை மடியில் வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். தன் பெயரை வைத்த பிள்ளை மேல் எங்கள் பக்கத்தில் ஒருத்திக்கு இருக்கும் உரிமை தாய்க்குக்கூட இல்லை.

மதியம் ஆண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மாமரத்தடியில் தேநீர் காய்ச்ச உட்கார்ந்தார்கள். முற்றம் பெண்களுடையதாகிவிட்டது. முதல் பானைச் சோறு இறங்கியது. அப்போதுதான் மன்யிமா ஜன்னல் வழியே, பெண் பிள்ளைகளுக்குக் கத்தி வைக்கும் சிரண்டிங் கிழவியைப் பார்த்தாள். விருந்துக்கு வந்தவள் போல முற்றத்தில் உட்காராமல், நேரே பின்கட்டுக்குப் போனாள். கையில் முடிச்சுப் போட்ட ஒரு கைக்குட்டை. அந்தக் கைக்குட்டையை மன்யிமாவுக்குத் தெரியும்.

தும்புலு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரெண்டாவது பானை எறங்கட்டும். நான் வந்து வாங்கிக்கிறேன். இப்பெல்லாம் சட்டம் கிட்டம்னு இருக்குல்ல, சின்னதுலயே முடிச்சுட்டா யாருக்கும் தெரியாது. புண்ணும் சீக்கிரம் ஆறிடும்."

"மதினி, வேணாம் மதினி. சீபோவ நெனச்சுப் பாருங்க."

"சீபோவுக்கு ஆயுசு அவ்வளவுதான். அதுக்கு இதைப் போய் முடிச்சுப் போடாதே." தும்புலுவின் கண்ணும் ஒரு கணம் தாழ்ந்தது. "இவ என் பேரு வச்சவ. இவள நான் குறையோட விட்டா எம்மூஞ்சியில யார் முழிப்பா? பயப்படாதே. அழுகைச் சத்தம் வெளிய கேக்காது. அதுக்குத்தான் கன்யெலெங்குகளைக் கூப்பிட்டு விட்டிருக்கேன். அவளுங்க தட்டற தட்டுல இடி விழுந்தாலும் கேக்காது."

சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் சொன்ன மாதிரியே தெருமுனையில் கேன் சத்தம் கிளம்பியது.

மன்யிமா குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓடலாம். எங்கே ஓடுவது? முற்றத்தைக் கடந்துதான் ஓட வேண்டும். ஃபாமராவைக் கூப்பிடலாம். என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? அவனிடம் ஒரு சொல் சொன்னால் அடுத்த சொல் சீபோவில்தான் போய் நிற்கும். வெளியே கேன் சத்தமும் சிரிப்பும் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டன. அந்தத் தாளத்தில் அவள் உதடு தானாக அசைந்தது.

மூணு, அடுப்புக்கல்லு.

தலையணைக்கு அடியிலிருந்து தொலைபேசியை எடுத்தாள். ஃபாமரா வாங்கிக் கொடுத்த சின்னப் பழைய போன். அதில் காசு இல்லை. பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக அமுக்கினாள். அடுப்புக்கல், தொங்குவது, புருஷன் கொண்டுவந்த முட்டைகள். அதற்கு மேல் தடுமாறிவிட்டது. முதலில் விரலா, தொழுகையா? பிறகுதான் உறைத்தது, எது முதலில் வந்தால் என்ன, இரண்டும் ஐந்துதானே. அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நகரத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் படித்த பெண் ஒருத்தி எடுப்பாள், அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே கடைசி இலக்கத்தை அமுக்கினாள்.

முற்றத்தில் ஒரு சேவல் கூவியது.

பட்டப் பகலில், விருந்துக்கு நடுவில், தொண்டை கிழியக் கூவியது. மன்யிமா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். சேவலைக் காணவில்லை. சத்தம் ஜொன்சபாவின் இடுப்பிலிருந்து வந்தது. சோற்றுப் பானைக்குள் தலையைவிட்டுக்கொண்டிருந்த ஜொன்சபா நிமிர்ந்தாள். இடுப்பில் தொங்கிய சுரைக்குடுவைக்குள் கையைவிட்டு ஒரு தொலைபேசியை எடுத்தாள்.

"ஐயையோ! என் ஆசைக்காரன் கூப்பிடுறான்டி! எல்லாவளும் வாயை மூடுங்க, என் புருசன்கிட்ட எவளாவது சொன்னீங்க, பல்லு இருக்காது!"

முற்றம் கொல்லென்று சிரித்தது. அவள் போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லு ராஜா."

அதே சொல் மன்யிமாவின் காதுக்குள்ளும் வந்தது. ஜன்னல் வழியே ஒரு முறை, போன் வழியே ஒரு நொடி பிந்தி இன்னொரு முறை.

"நா... நான் மையத்துக்குப் பண்ணினேன்..."

"சரியான எடத்துக்குத்தான் பண்ணியிருக்கே ராஜா. அங்க யாரும் எடுக்கலைன்னா இங்க தாவி வந்துடும், அப்படித்தான் வச்சிருக்கு நம்ம காதல்! குரல் ஏன் நடுங்குது? பொண்டாட்டி பக்கத்துல இருக்காளா?"

மறுபடி சிரிப்பு.

"நான் இங்கதான் இருக்கேன்," என்றாள் மன்யிமா. "இந்த வீட்டுக்குள்ள. பிள்ளையப் பெத்தவ."

ஜொன்சபாவின் கையில் இருந்த சோற்றுக் கவளம் அப்படியே நின்றது. அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் தும்புலு பார்த்திருப்பாள். எதிர்ப்பக்கமாகச் சுற்றி, இடுப்பை ஆட்டிக்கொண்டு, அடுப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். கவளத்தை வாயில் போட்டு மென்றாள். மன்யிமா ஜன்னல் வழியே அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிறுத்தியது இந்தப் பெண்ணையா?

"ஓகோ, வூட்டுக்குள்ளயே இருக்கியா! எவ்வளவு நேரம் கெடைக்கும் நமக்கு?"

"ரெண்டாவது பானை எறங்கற வரைக்கும். பின்கட்டுல சிரண்டிங் உக்காந்திருக்கா. நீங்க தட்டற சத்தத்துல அழுகை கேக்காதுன்னுதான் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க."

இந்த முறை ஜொன்சபா சிரிக்கவில்லை. ஒரு கணம்தான். பிறகு வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். முற்றத்துப் பெண்களுக்கு அது காதல் பெருமூச்சாகத் தெரிந்தது.

"ராஜா, கேட்டுக்க. சீருடைக்காரன் ஒருத்தனை எனக்குத் தெரியும். அவனை அனுப்பவா? ஜீப்புல வருவான், உன் வூட்டு ஆளுங்களை ஏத்திட்டுப் போயிடுவான். இல்ல, நானே நேர்ல வரவா? நீ சொல்றதுதான். உனக்காக நான் முடிவு பண்ண மாட்டேன்."

"ரெண்டு பேரையும் வரச் சொல்லுடா பயலே!" என்று ஒருத்தி கத்தினாள்.

மன்யிமா நினைத்துப் பார்த்தாள். ஜீப் நகரத்திலிருந்து வருவதற்குள் பானை இறங்கிவிடும். ஜீப்பில் தும்புலு ஏறுவதையும் நினைத்துப் பார்த்தாள். தன் இடுப்பைத் தேய்த்துவிட்ட அந்தக் கைகளை நினைத்தாள்.

"நீங்களே வாங்க."

"வருவேன். ஆனா வந்தா நான் சும்மா போற ஆள் இல்ல. உன் மானம், மரியாதை, உங்கப்பன் பேரு, எல்லாத்தையும் இங்கயே எறக்கி வச்சுட்டு நீயும் என்கூட வந்துடணும். நாளைக்கு ஊரே பாத்துச் சிரிக்கும். சம்மதமா?"

மன்யிமாவுக்குப் புரிந்தது. கன்யெலெங் ஆனவள் அதற்குப் பிறகு எந்நாளும் கன்யெலெங்தான். தெருமுனையில் கேன் தட்டும் கூட்டத்தில் உஸ்தாதின் மகள். அப்பாவின் வெள்ளைத் தொப்பி ஒரு கணம் கண்முன் வந்தது. மடியில் குழந்தை கொட்டாவி விட்டது.

"சம்மதம்," என்றாள்.

"அப்படிச் சொல்லு என் சிங்கமே! நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சுக்க. யார் வந்து கேட்டாலும் குடுக்காதே. நான் வந்துதான் வாங்குவேன்." போனைக் குடுவைக்குள் போட்டுவிட்டு ஜொன்சபா முற்றத்தைப் பார்த்துக் கண்ணடித்தாள். "என்னத்தைச் சொல்ல! அவனுக்கு நான் இல்லாம முடியலையாம்!"

இரண்டாவது பானை இறங்கியது. தும்புலு உள்ளே வந்து கையை நீட்டினாள். மன்யிமா குழந்தையைத் தரவில்லை. "குடும்மா," என்றாள் தும்புலு. மன்யிமா தலையை ஆட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மதினிக்கு முன் தலையை அப்படி ஆட்டினாள். தும்புலு குழந்தையின் முதுகில் கை வைத்தபோது கதவு படாரென்று திறந்தது. கால்சட்டையும் கூலிங்கிளாசும் கேன்களுமாகக் கூட்டம் உள்ளே பாய்ந்தது. "திருட வந்திருக்கோம்! பானையில ஒண்ணும் இல்ல! வேற என்ன இருக்கு இந்த வூட்ல?" என்று கத்திக்கொண்டே ஒருத்தி தலையணையை எடுத்தாள், ஒருத்தி செருப்பை எடுத்தாள். ஜொன்சபா மன்யிமாவின் முன் மண்டியிட்டு இரண்டு கைகளையும் ஏந்தினாள். மன்யிமா அந்தக் கைகளில் குழந்தையை வைத்தாள்.

எந்த விசேஷத்திலும் கன்யெலெங் எதையாவது திருடத்தான் செய்வார்கள். முற்றத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள். ஆனால் ஜொன்சபா குழந்தையோடு நேரே முற்றத்தின் மூலையில் இருந்த குப்பைமேட்டுக்குப் போனாள். ஒருத்தி முறத்தைப் போட்டாள். அந்த முறத்தில், அடுப்புச் சாம்பலுக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவே, குழந்தையைக் கிடத்தினாள். அப்போதுதான் சிரிப்பு நின்றது. குப்பையில் வைத்து எடுத்த பிள்ளை கன்யெலெங்குகளின் பிள்ளை. பழைய பெயர் போய், சாவுக்குக்கூட வேண்டாத பெயர் ஒன்று வரும். அவர்கள் சம்மதம் இல்லாமல் அந்த உடம்பின் மேல் யாரும் கத்தி வைக்க முடியாது. மீறினால் அந்தக் கூட்டம் முழுவதும் அந்த வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழும். அந்த அழுகையைத் தாங்கிய வீடு எங்கள் பக்கத்தில் இல்லை.

தும்புலு ஓடி வந்தாள். முக்காடு நழுவியிருந்தது.

"என்னடி பண்றே! அது என் பேரு வச்ச புள்ள!"

"உன் பேரை நீயே வச்சுக்கம்மா. போட்டுப் போட்டுப் பழசாயிடுச்சு," என்றாள் ஜொன்சபா. "நாங்க புதுசு வைக்கிறோம். இவ பேரு 'யாருக்கும்வேணாம்'."

"இது பிள்ளைங்களைப் பறிகொடுத்தவளுக்குச் செய்யற சடங்கு! இவளுக்கு ஒண்ணு காய்ச்சல்ல போச்சு. காய்ச்சல்ல ஒண்ணு போகாத வீடு இந்த ஊர்ல இருக்கா? அதுக்கெல்லாம் குப்பையில போடுவீங்களா?"

"அதை அவதான் சொல்லணும்." ஜொன்சபா தன் இடுப்பிலிருந்த சுரைக்குடுவையை அவிழ்த்தாள். தொலைபேசியை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, குடுவையை மன்யிமாவின் முன்னால் மண்ணில் வைத்தாள். "எங்ககூடச் சேரறவ என்னத்தைத் தொலைச்சேன்னு சொல்லணும். குடுவை கட்டினவ பொய் சொல்லக் கூடாது. எங்களுக்கு இருக்கற ஒரே சட்டம் அது."

மன்யிமா குனிந்து குடுவையை எடுத்தாள். அது அவள் நினைத்ததைவிட இலேசாக இருந்தது. பெயர் வைக்கும் நாளுக்கென்றே எடுத்த நீலப் பட்டுக் கவுனின் மேல் அந்த அழுக்குக் கயிற்றைக் கட்டினாள். முடிச்சுப் போட கை வரவில்லை. ஒரு கன்யெலெங் வந்து முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"சீபோ காய்ச்சல்ல போகல," என்றாள்.

அவள் குரல் உரக்க இல்லை. ஆனால் கேன் தட்டுபவர்கள் எல்லோரும் கையை நிறுத்தியிருந்தார்கள். வேலிக்கு அப்பால் தேநீர் ஊற்றும் சத்தம்கூடக் கேட்டது.

"மதினி குளிப்பாட்டக் கூட்டிட்டுப் போனாங்க. துணியில சுத்திக் கொண்டாந்தாங்க. சிரண்டிங் வச்ச கத்தி. ரத்தம் நிக்கல. நான் துணியை மாத்திக்கிட்டே இருந்தேன். அவ 'அம்மா தண்ணி'ன்னு கேட்டா. குடுத்தா ரத்தம் ஜாஸ்தியாகும்னு சொன்னாங்க. நான் குடுக்கல. தண்ணி கேட்டுக்கிட்டேதான் போனா." அவள் வேலிப் பக்கம் பார்த்தாள். "வூட்டுக்காரர் கொசுவலை வாங்கிட்டு வந்தாரு. நான் ஒண்ணும் சொல்லல. அவர்தான் இன்னமும் கொசுவைத் திட்டிக்கிட்டு இருக்காரு."

ஜொன்சபா மஞ்சள் கேனைக் கவிழ்த்து வைத்தாள். உள்ளங்கையால் அதன் மேல் ஒரே ஒரு அடி அடித்தாள்.

"சீபோ," என்றாள். பிறகு இன்னொரு அடி. "கூலி. என் மூத்தவளோட பேரு."

அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் தன் கேனை ஒரு தட்டுத் தட்டினாள். "நியாரா." அடுத்தவள் தட்டினாள். "பேர் வைக்கலை. ஆனா பொறந்துச்சு." கூட்டம் முழுவதும் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகப் போனது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெயர். கூலிங்கிளாசுக்குப் பின்னால் கண்ணீர் வழிந்தது. கால்சட்டைக்காரிகள், திருடிகள், வாய்க்கு வந்ததைப் பாடுகிறவர்கள், அவர்கள் ஒவ்வொருத்தியும் இத்தனை நாள் இத்தனையையும் சுமந்துகொண்டா ஆடினார்கள்? மன்யிமா ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

கன்யெலெங்குகள் முடித்ததும் நின்றுவிடும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. விருந்துக்கு வந்து பாயில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, மரியாதைப்பட்ட வீட்டுப் பெண், சோற்றுத் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் தட்டினாள். "ஃபெந்தா," என்றாள். அவளுக்கு எதிரில் இருந்தவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறகு தானும் தட்டினாள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கண்திருஷ்டி என்று ஊர் புதைத்து வைத்திருந்த பெயர்களெல்லாம் அந்த முற்றத்தில் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. தட்டு, அகப்பை, தொடை, மண், எது கைக்குக் கிடைத்ததோ அதில் தட்டினார்கள். எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. பின்கட்டில் சிரண்டிங்கின் செருப்புச் சத்தம் வேலிப் படலைத் தாண்டிப் போனதையும் யாரும் கவனிக்கவில்லை.

தும்புலு குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாப் பெயர்களும் ஓய்ந்து கடைசிச் சத்தமும் அடங்கிய பிறகு, அவள் கை மேலே எழுந்து தன் தொடையில் ஒரு முறை அடித்தது. வாய் திறந்தது. பெயர் வரவில்லை.

வேலிப் படல் திறந்தது. ஃபாமரா உள்ளே வந்தான். பெண்கள் கூடியிருக்கும் முற்றத்துக்குள் ஆண் வருவதில்லை. அவன் கையில் தேநீர்க் கிளாஸ் அப்படியே இருந்தது. அவன் மன்யிமாவைப் பார்த்தான், அவள் இடுப்பிலிருந்த குடுவையைப் பார்த்தான், கடைசியில் தன் அக்காவைப் பார்த்தான்.

"என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டான்.

அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"அக்கா. நீ என்னை முதுகுல கட்டி வளத்தவ. உன்னை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டுக்க. இனி இந்த வீட்டுல பிளேடு முடியை மட்டும்தான் தொடும்."

தும்புலு முக்காட்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஃபாமரா குப்பைமேட்டுக்குப் போனான். ஜொன்சபா முறத்துக்கு முன்னால் கையை விரித்து வழிமறித்தாள். அவள் கன்னமெல்லாம் ஈரம். குரல் மட்டும் பழைய குரல்.

"நில்லு மாப்ளே! எங்க புள்ளையச் சும்மா தூக்கிட்டுப் போகலாம்னு பாக்குறியா? நாங்க வச்ச பேரைச் சொல்லிக் கூப்பிடு. வந்தா எடுத்துக்க."

ஃபாமரா முறத்தைப் பார்த்தான். மழித்த தலையில் வெங்காயத் தோல் ஒட்டியிருக்க, அவன் மகள் கையை முறுக்கிக்கொண்டு சூரியனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். அவன் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"யாருக்கும்வேணாம்," என்று கூப்பிட்டான். "என் யாருக்கும்வேணாம், வாடா தங்கம். அப்பாகிட்ட வா."